மாமூலு

“என்ன லோடு?”

“மாமூலு, சார்” என்றான் ராமப்பன், லாரியிலிருந்து இறங்காமலே காகிதங்களை நீட்டியபடி.

மாதவனின் பேனா நின்றது. திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி, ஓசூரை ஒட்டிய அந்த எல்லைச் சோதனைச் சாவடிக்கு அவன் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இத்தனை வருட உத்தியோகத்தில் ஒரு டீகூட ஓசியில் குடித்தவனில்லை.

ஆனால் இது 2008. அரிசி விலையைக் கேட்டாலே பசி அடங்கிவிடும். காலையில்தான் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டுப் போயிருந்தார். “இந்த மாசத்தோட பாலை நிறுத்திரட்டுமா?” என்று மனைவி ரஞ்சிதா மெதுவாகக் கேட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

சாவடியின் மூத்தவர் சௌந்தரராஜன் வேறு தினமும் ஓதிக்கொண்டிருந்தார். “அகவிலைப்படி வர்றதுக்குள்ள அரிசி இன்னொரு தடவை ஏறிரும் தம்பி. நம்ம ரேட்டை நாமதான் ஏத்திக்கணும். மேல இருக்கறவங்களே வாங்கறாங்க, உன்னை யாரு கேக்கப்போறா? தேன் எடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானா?”

காகிதங்களில் ஒரு குறையும் இல்லை. மாதவன் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான்.

“சரி, எடு.”

ராமப்பன் ஒரு கணம் அவன் முகத்தையே பார்த்தான். பிறகு நூறு ரூபாயை எடுத்துக் கையில் வைத்தான். அதைப் பைக்குள் போட்டபோது மாதவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

படபடப்பு அடங்கட்டும் என்று எதிரே நஞ்சம்மாவின் டீக்கடைக்குப் போனான். லாரியை ஓரங்கட்டிவிட்டு ராமப்பனும் வந்து சேர்ந்தான்.

“என்ன போடட்டும், ராமப்பா?”

“மாமூலு, அக்கா.”

அவள் சர்க்கரை போடாத டீயை நீட்டினாள். மாதவன் திடுக்கிட்டான். “டீக்கடையிலயுமா மாமூல் கொடுக்கணும்?”

நஞ்சம்மா சிரித்துவிட்டாள். “ஐயோ சார், கன்னடத்துல மாமூலுன்னா எப்பவும் போலன்னு அர்த்தம். இந்தாளுக்கு எப்பவும் சக்கரை இல்லாத டீதான்.”

மாதவன் ராமப்பன் பக்கம் திரும்பினான். “அப்பம், லோடு மாமூலுன்னு சொன்னது?”

“எப்பவும் போல தக்காளின்னு சொன்னேன் சார்.”

“பொறவு எதுக்குய்யா காசு தந்த?”

“நீங்க கை நீட்டுனீங்களே, சார்.” ராமப்பன் குரலில் கோபம்கூட இல்லை. “புது சார் வாங்க மாட்டாருன்னு டிரைவருங்க பேசிக்கிட்டாங்க. அதான் நானா எடுத்து வெக்கல.”

மாதவனை அவமானம் பிடுங்கித் தின்றது. பால் நின்றால் நிற்கட்டும், வரக்காப்பி குடித்துக்கொள்ளலாம். அவசர அவசரமாக அந்த நோட்டை எடுத்து ராமப்பனிடம் நீட்டினான்.

“இந்தா, பிடி. இது வேண்டாம்.”

ராமப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் சட்டைப் பைக்குள் கையை விட்டான்.

“பத்தலையா, சார்?”