ஸ்ரெல்லா அக்காவின் சந்தேகங்கள்

"குறை நினையாதேங்கோ ஸ்ரெல்லா அக்கா. நாளையிலை இருந்து நீங்கள் வகுப்புக்கு வரவேண்டாம்."

பஞ்சலிங்கம் சேர் இதைச் சொன்னதும் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

நல்லூரில் அவர் நடத்தும் இங்கிலிஸ் வகுப்பில் பதினான்கு பேர். எல்லோரும் விசாச் சோதனைக்குப் படிப்பவர்கள். சோதனைக்கு இன்னும் மூன்று கிழமைதான். அவர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர், குருநகரில் மீன் விற்கும் ஸ்ரெல்லா ஒருவர்தான்.

அன்றைய பாடம் அக்செப்ற், எக்செப்ற். சேர் இரண்டு தரம் சொல்லி முடித்திருந்தார். ஸ்ரெல்லா கையை உயர்த்தினார்.

"சேர், உது ரெண்டும் ஒண்டுதானே?"

அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

"போன கிழமை பொறோவும் லென்டும் ஒண்டோ எண்டு கேட்டனீங்கள். இரவல் வாங்கினால் பொறோ, இரவல் குடுத்தால் லென்ட் எண்டு மூண்டு தரம் சொன்னனான். அதுக்கு முதல் ஹியரும் லிசினும். காதிலை விழுந்தால் ஹியர், காது குடுத்தால் லிசின். அதையும் எத்தினை தரம் சொன்னனான்?"

பின்வரிசை வாங்கில் இருந்த வின்சன்ற் விடவில்லை. "சேர், அக்கா பாடத்தையும் இரவலுக்குத்தான் கொண்டு போறா. அடுத்தநாள் பத்திரமாத் திருப்பித் தந்திடுறா."

சேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னார்.

"உங்களுக்குப் பக்கத்திலை இருக்கிற சிவகௌரியைப் பாருங்கோ. ஒரு நாளாவது சந்தேகம் கேட்டிருக்கிறாளோ? அவளுக்கு எல்லாம் விளங்குது. உங்களாலை மற்றவையின்ரை நேரமெல்லோ போகுது?"

சிவகௌரி குனிந்து கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெல்லிப்பழையில் இருந்து பஸ்ஸில் வருகிறவள். கணவன் இங்கிலாந்தில். சோதனையில் இரண்டு தரம் தவறிவிட்டாள். நாலு வயது மகளுக்குத் தகப்பனைப் போனில்தான் தெரியும்.

ஸ்ரெல்லா எழுந்து பையை எடுத்தார்.

"சரி சேர், நான் போறன். உந்த ரெண்டு சொல்லையும் மட்டும் இன்னொருக்கால் சொல்லிவிடுங்கோ."

சேர் பெருமூச்சு விட்டார்.

"கலியாணத்துக்கு வரச்சொல்லிக் கேக்க, நீங்கள் ஓம் எண்டால் அக்செப்ற். வின்சன்றைத் தவிர மற்ற எல்லாரும் போனால், எக்செப்ற் வின்சன்ற். போதுமோ?"

"ஓம் சேர். இப்ப விளங்குது."

அடுத்த கிழமை பாடம் வேகமாக ஓடியது. "சந்தேகம் இருக்கோ?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சேருக்கு நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு பயிற்சிச் சோதனை வைத்தார். ஒன்றோடொன்று குழம்பும் சொற்கள், இருபது சோடி.

சிவகௌரியின் தாளைத் திருத்தும்போது அவருடைய பேனை நின்றுவிட்டது. பொறோ, லென்ட் சரி. ஹியர், லிசின் சரி. அக்செப்ற், எக்செப்ற் சரி. ஸ்ரெல்லா சந்தேகம் கேட்ட ஒவ்வொரு சொல்லும் சரி.

ஸ்ரெல்லா போன பிறகு படிப்பித்த ஐந்து சோடிக்கு அவள் ஒன்றுமே எழுதவில்லை.

சனிக்கிழமை காலை சேர் குருநகர் மீன் சந்தைக்குப் போனார்.

ஸ்ரெல்லாவுக்கு முன்னால் சுற்றுலா வந்த வெள்ளைக்காரத் தம்பதி நின்றார்கள். நண்டை எப்படிக் கழுவுவது, எப்படி உடைப்பது என்று ஸ்ரெல்லா சொல்லிக்கொண்டிருந்தார். இங்கிலிஸில். ஒரு சொல்லுக்கும் தடங்கவில்லை. உள்ளே பஞ்சுபோல இருப்பதைத் தவிர மற்றதெல்லாம் சாப்பிடலாம் என்றபோது, அந்த எக்செப்ற் அதன் இடத்தில் அழகாக வந்து விழுந்தது. பிறகு ஏதோ பகிடி சொன்னார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

பதினெட்டு வருடமாக இங்கிலிஸ் படிப்பிக்கிற பஞ்சலிங்கம் சேருக்கு அந்த மொழியில் பகிடி சொல்ல ஒருநாளும் வந்ததில்லை. வாயைத் திறந்தபடி நின்றார்.

அவரைக் கண்டதும் ஸ்ரெல்லாவுக்குக் கூச்சமாகிவிட்டது.

"சைப்பிரசிலை பன்னிரண்டு வருசம் ஒரு வெள்ளைக்கார அம்மாவைப் பராமரிச்சனான், சேர்."

"பிறகேன் என்னட்டைப் படிக்க வந்தனீங்கள்?"

"மகள் ஜெசிதாவைச் சேர்க்கத்தான் முதல்நாள் வந்தனான். வாசலிலை நிக்கேக்கை, சிவகௌரி எழும்பி ஒரு கேள்வி கேட்டாள். வகுப்பே சிரிச்சுது. பிள்ளையின்ரை முகம் செத்துப்போச்சு. எனக்கும் சைப்பிரசிலை அப்பிடி ஒருக்கால் நடந்தது, சேர். பிறகு ஒரு வருசம் நான் வாய் திறக்கேல்லை."

"அதுக்காக?"

"மகளை வேறை இடத்திலை சேர்த்துப்போட்டு, நான் வந்து சிவகௌரிக்குப் பக்கத்திலை இருந்தன். விளங்காத சொல்லுக்குக் கொப்பியிலை வட்டம் போடுவாள். நான் வட்டத்தைப் பாத்துக் கேப்பன். அவ்வளவுதான்."

"அவளுக்குத் தெரியுமோ?"

"ஐயோ, சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சால் அதுக்கும் வெக்கப்படுவாள்."

இரண்டு மாதம், ஒவ்வொரு நாளும், பிள்ளை வயதுக்காரர்களிடம் இந்த மனிசி சிரிப்பு வாங்கியிருக்கிறா.

"திங்கட்கிழமை வாங்கோ அக்கா."

"வாறன் சேர். சோதனை முடியும் வரைக்கும் வாறன்."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"அண்டைக்கு அந்தப் பிள்ளையைப் பாத்து முதல் சிரிச்சவன் ஆர்? வின்சன்ற்தானே? சொல்லுங்கோ, நான் சும்மா விடமாட்டன்."

"விடுங்கோ சேர். ஆர் எண்டால் என்ன?"

"இல்லை. எனக்குத் தெரியவேணும்."

ஸ்ரெல்லா நிமிரவில்லை. கையில் இருந்த நண்டைக் கழுவியபடியே மெதுவாகச் சொன்னார்.

"நீங்கள்தான், சேர்."