உருண்டு கிடந்த செல்கள்

"கொன்னுட்டியேம்மா! ஒண்ணு விடாமக் கொன்னுட்டியே!"

ஆராய்ச்சி மாணவி பார்த்துக்கொண்டிருந்த செல் வளர்ப்புத் தட்டை, நுண்ணோக்கியில் தானும் எட்டிப் பார்த்த ஆய்வுக்கூடத் தலைவர்தான் கத்தினார். அவர் தும்மினால்கூட நாலு பேர் குறிப்பெடுக்கும் இடம் அது. போதாக்குறைக்கு, கூடத்தை நடத்தலாமா, இழுத்து மூடலாமா என்று முடிவு செய்ய வந்த குழு வேறு பக்கத்தில் நின்றது.

"சாகலை சார். ரெண்டாப் பிரியப் போகுது. அதான் உருண்டுக்கிச்சு."

"கேட்டீங்களா கதையை?" குழுவின் பக்கம் திரும்பினார். "நல்லா இருக்கிற செல், தட்டோட ஒட்டிப் பரந்து படுத்திருக்கும். பிரியற நேரத்துல உடம்பைச் சுருக்கி உருண்டையாகும். வாஸ்தவம். ஆனா செத்தாலும் உருண்டைதான்! ஒண்ணு ரெண்டு உருண்டிருந்தா பிரசவம். ஊரே உருண்டு கிடந்தா இழவு!"

குழு சிரித்தது. தலைவருக்கு உச்சி குளிர்ந்தது.

"ஏம்மா, எல்லாம் பேசி வெச்சுக்கிட்டு ஒரே நேரத்துல பிரியுதாக்கும்? உன்னையெல்லாம் எவன் ஆராய்ச்சிக்குச் சேர்த்தான்?"

சேர்த்தவர் அவரேதான்.

"நாளையிலேருந்து வராதே!"



குழுவில் வந்த அம்மாள், பக்கத்தில் கழற்றி வைத்திருந்த தட்டின் மூடியைக் கையில் எடுத்தார். "ஆளுக்கொரு நிற மையா? இதுல சிவப்பா எழுதியிருக்கே, சிவப்பு யாரு?"

அந்தக் கூடத்தில் சிவப்பு ஒருவருக்குத்தான். தலைவருக்கு.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மனுஷன் லேசுப்பட்டவரா? சட்டென்று மறுபடி குனிந்தார்.

"அடடே! வெளிச்சம் சரியா வைக்கலை. இப்பப் பாருங்க, முத்து முத்தா அத்தனையும் பிரியத் தயாரா நிக்குது! என் செல்லுன்னா சும்மாவா?"

குழு கைதட்டியது. "தாராளமா நடத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனது.

கதவு சாத்தியதும் தலைவர் பெரிய மனசு பண்ணினார். "நீ சொன்னதுதாம்மா சரி. நாளைக்கு வந்துடு."

"இல்லை சார், நீங்க முதல்ல சொன்னதுதான் சரி. லீவுக்குப் போறப்ப தட்டை சூட்டுப் பெட்டிக்குள்ள வைக்காம மேசை மேலயே விட்டுட்டுப் போயிட்டீங்க. எல்லாம் செத்துப்போச்சு. வெளியாளுங்க முன்னாடி உங்க மானம் போகக் கூடாதேன்னுதான் பொய் சொன்னேன்."

தட்டைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"அடுத்தவங்க தட்டுன்னு நினைச்சவரைக்கும் நீங்க உண்மையைத்தான் சார் பேசினீங்க!"