மெத்தையில் விழுந்த பள்ளம்

சோபா கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் படம் செய்து தருவதுதான் அவள் வேலை. சோபாவை இன்னும் யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் அவள் படத்தைப் பார்த்தால் தடவிப் பார்க்கக் கை நீளும். அன்று காலை ஒருவர் மட்டும் உட்காரும் சோபா ஒன்றை வரைந்தாள். மெத்தையைத் தட்டையாகத்தான் வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் முடித்துத் தந்த படத்தில் அது அமுங்கியிருந்தது. இடப்பக்கம் மட்டும் பள்ளம் அதிகம்.

அவள் திரையருகே குனிந்து பார்த்தாள். இறந்துபோன கணவருக்கு வலது இடுப்பில் ஓயாத வலி. எங்கே உட்கார்ந்தாலும் இடப்பக்கம் சாய்ந்துதான் உட்காருவார்.

பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, நிஜமாவே யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு! எப்படிப் பண்ணீங்க?"

"நான் பண்ணலைம்மா."

"தன்னடக்கத்துக்கும் ஒரு அளவு வேணும்க்கா."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரைந்தாள். பள்ளம் மறுபடி வந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை. அவர் கடைசியாக உட்கார்ந்து பதினான்கு மாதமாகிறது என்பதுதான் மனதில் ஓடியது.

மதியம் அவள் சாப்பிடப் போகவில்லை. யாரும் கேட்காமலேயே சோபாவை இருவர் உட்காரும்படி அகலமாக்கினாள். படம் முடிய இருபது நிமிஷம் பிடித்தது. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளம் சோபாவின் ஒரு ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார இடம் விட்டிருந்தது.