கீழ்வீட்டுச் சேமிப்புப் பெட்டி

மேல்மாடியில் வாழும் மாசிலாமணி, எப்பொருளிலும் தம் பெயரை எழுதிய பின்னரே அதனைப் பயன்படுத்துவார். கீழ்வீட்டுத் தம்பியோடு பாகம் பிரித்தபோது அம்மி தம்பிக்கு, குழவி தமக்கு எனக் கறாராகப் பிரித்துக்கொண்டார். பேச்சும் அன்றே நின்றது. இணைய இணைப்பு மட்டும் இரு வீட்டிற்கும் பொதுவாக எஞ்சியது. இன்று புதிய டிவி பெட்டியை அதனோடு இணைத்ததும், தம்பி படங்களையும் காணொளிகளையும் சேர்த்துவைக்கும் கணினிச் சேமிப்புப் பெட்டியின் பட்டியல் தானாகவே திரையில் தோன்றியது. அதில் மறைந்த அம்மாவின் காணொளிகள் இருந்தன. முதல் காணொளியின் முகப்புப் படத்தில், ஏதோ சொல்ல வாயெடுத்த நிலையில் அம்மா. அழுத்தினால் கடவுச்சொல் கேட்டது. அம்மாவின் பெயரை இட்டார், அவள் பிறந்த ஊரை இட்டார், திறக்கவில்லை. “அம்மியக்கூட பிரிச்சீங்க, அத்தை குரலப் பிரிக்க மறந்துட்டீங்களாக்கும்?” என்றாள் மனைவி வேதவல்லி. “கொழுந்தனாருக்கு நான் போன் போடட்டுமா?” மாசிலாமணி சட்டையை மாட்டிக்கொண்டார். “வேணாம். நானே கீழ போய்க் கேக்குறேன்.”