மூன்றாவது தடவை

வாத்தியார் இன்றைக்கும் குடித்திருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வகுப்பு தொடங்கும்போது குரல் கணீரென்று இருக்கும். போகப் போக நாக்கு குழறும். மூக்கால் பேசுவார், சொல்லை இழுப்பார், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு மூச்சு வாங்குவார். பக்கத்திலேயே வைத்து ஊற்றிக்கொள்கிறார் என்று கூடப் படிக்கிற காது மூக்கு தொண்டை டாக்டர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். தொண்டை விஷயம் அவருக்குத் தெரியாதா என்று மற்றவர்கள் சிரித்தார்கள். மேலிடத்துக்குப் புகார் எழுதலாம் என்றும் பேச்சு வந்தது.

எலும்பு டாக்டரம்மா மட்டும், தேர்வு முடியட்டும், பிறகு எழுதலாம் என்றாள். அவளுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். விபத்திலோ நோயிலோ உடம்பு முடங்கியவர்களுக்கு நிரந்தர பாதிப்பு எத்தனை சதவீதம் என்று முடிவு செய்கிற போர்டில், இந்த ஆன்லைன் பயிற்சியில் தேறியவர்கள்தான் உட்காரலாம். அந்த போர்டில் இருந்த பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் போன நாற்காலி அவளுக்காகக் காலியாக இருந்தது.

வாத்தியார் முகம் காட்டியதே இல்லை. திரையில் அவர் ஒரு கறுப்புக் கட்டம். பக்கத்துக் கட்டத்தில் ஒரு நோயாளி. அவருக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. சாம்பல் நிறச் சட்டை, நாற்காலி, மடியில் இரண்டு கைகள், அவ்வளவுதான். பழைய பதிவு, ஆள் தெரியக்கூடாது என்று தலையை வெட்டிவிட்டோம் என்று வாத்தியார் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்.

"தலையில்லாத ஆளோடயே குடித்தனம் நடத்துறியே, பயமா இல்லையா?" என்று கணவர் டீயை வைத்துவிட்டுப் போவார்.

தலை இருக்கிற ஆளோடு நடத்துவதைவிட இது சுலபம் என்பாள்.

ஆனால் உள்ளூர ஒரு பயம் இருந்தது. வாத்தியார் யாருடைய சந்தேகத்துக்காவது பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மடியில் கிடக்கும் விரல்கள் மெல்ல அசையும். அந்தப் பேச்சுக்குத் தாளம் போடுவதுபோல இருக்கும். பதிவுதானே என்று சொல்லிக்கொண்டு பார்வையைத் திருப்பிக்கொள்வாள்.

வாத்தியார் அழுத்தி அழுத்திச் சொன்னது ஒரே விதி. எந்த அசைவையும் மூன்று தடவை அளக்க வேண்டும். மூன்றும் ஒத்து வந்தால் உண்மை. தடவைக்கு ஒன்றாக வந்தால் ஆள் நடிக்கிறார். சதவீதத்தைக் கூட்டி வாங்க வருகிறவருக்கு, முதல் தடவை எவ்வளவு தூக்கினோம் என்பது நினைவில் நிற்காதாம்.

"பாவம் பார்க்காதீங்க. கோணத்தைப் பாருங்க."

இது அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆஸ்பத்திரியில் நர்சுகள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயரே 'ஸ்கேல்'.

தேர்வு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நடந்தது. அவள் கடைசி ஆள். அவள் முறை வருவதற்குள் வாத்தியாரின் பேச்சு கூழாகக் குழைந்திருந்தது. பதிவு ஓடும், நோயாளி நேரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வலது தோளைப் பரிசோதியுங்கள் என்றார்.

வலது கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னாள். சாம்பல் சட்டைக்குள்ளிருந்து கை எழுந்து, தோளுக்கு மேலே போய் நின்றது. திரையிலேயே கோணத்தை அளந்தாள். இரண்டாவது தடவை தோள் வரைதான் வந்தது. மூன்றாவது தடவை பாதிகூட ஏறவில்லை. நடுங்கி, செத்த பறவைபோல மடியில் விழுந்தது.

போன வாரப் பாடத்தின் தொடக்கத்தில் இதே கை கட்டத்தின் மேல் விளிம்பைத் தாண்டிப் போய் வந்ததை அவள் மறக்கவில்லை.

"முடிவு?" என்றார் வாத்தியார்.

"நடிக்கிறார் சார். மூணு அளவும் ஒத்து வரல. பாதிப்பு பூஜ்யம்."

கறுப்புக் கட்டம் மறுபடி கேட்டது.

"உறுதியாத்தான் சொல்றீங்களா டாக்டர்?"

"உறுதியாத்தான் சார்."

"சரி. நீங்க பாஸ்."

அவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். அப்போது வாத்தியார் இருமினார்.

நோயாளியின் தோள்கள் குலுங்கின.

மறுபடி ஒரு இருமல். அதே நொடியில் சாம்பல் சட்டை ஏறி இறங்கியது.

"சார், இது பழைய பதிவுன்னு சொன்னீங்களே?"

திரையில் அந்த உடம்பு மெல்லக் குனிந்தது. மேல் விளிம்பிலிருந்து முதலில் ஒரு தாடை இறங்கியது. பிறகு வாய். பிறகு, இமை பாதி சரிந்து தொங்கிய கண்கள். அந்த வாய் அசைந்தபோது வாத்தியாரின் குரல் வந்தது.

வேலை கொடுக்கக் கொடுக்கத் தசை தளர்ந்து போகிற நோய் என்றார். பேசினால் நாக்கு, தூக்கினால் கை. ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் திரும்ப வரும், மறுபடி போகும். மருந்தெல்லாம் பார்த்தாகிவிட்டதாம்.

அவள் கல்லூரியில் படித்ததுதான். மூன்றாவது தடவை கை விழுவதுதான் அந்த நோயின் அடையாளமே. அளக்கிற அவசரத்தில் அது அவள் கண்ணில் படவில்லை.

"தப்பாச் சொல்லிட்டேன் சார். என் பதிலை மாத்திக்கறேன்."

"வேண்டாம். நான் சொல்லிக் கொடுத்த விதிப்படி அது சரியான பதில்." ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "இந்த பேட்ச்லயாவது யாராவது ஒருத்தர், அந்த ஆளுக்கு என்ன செய்யுதுன்னு கேப்பீங்கன்னுதான் கேமரா முன்னாடி உட்கார்ந்தேன்."

அவள் தலை குனிந்தாள்.

"போன மாசம் நான் போர்டு முன்னாடி போனப்பவும் இதையேதான் எழுதினாங்க. நடிப்பு, பூஜ்யம்னு." சரிந்த இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "அந்த போர்டுல இருந்த மூணு பேருக்கும் பாஸ் போட்டது நான்தான்."