தராசு தாங்கல

கஜனி பொய் சொல்லத் தொடங்கி அன்றோடு ஒன்பது நாள். ஒரு பொய்யைக்கூட வாயால் சொல்லவில்லை. எல்லாம் பெருவிரலால்தான்.

வட்டவளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியடியில் நின்றால்தான் போனுக்கு இரண்டு கோடாவது சிக்னல் கிடைக்கும். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்த சாயங்கால நேரம். கட்டாரில் இருக்கும் திலக்ஷனின் செய்தி வந்து விழுந்தது.

"குட்டி, தொண்ட எப்பிடி இருக்கு? இன்னைக்காச்சும் பேசுவியா?"

"இன்னும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கு. டொக்டர் பேசவே கூடாதுன்னுட்டாரு" என்று தட்டினாள்.

"அப்ப வீடியோவுல மூஞ்சிய மட்டும் காட்டு."

"கெமரா ஒடஞ்சிருச்சுன்னு சொன்னேன்ல."

அனுப்பிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கெமராவுக்கு ஒன்றும் இல்லை. அவள் தொண்டைக்கும் ஒன்றும் இல்லை.

தொட்டிக்கட்டில் குந்தியிருந்த நாகலெட்சுமி எட்டிப் பார்த்தாள். "என்னவாம்?"

"மூஞ்சியப் பாக்கணுமாம். என்னால முடியலம்மா. உள்ளதச் சொல்லிரவா?"

"வாய மூடு. வெள்ளிக்கெழமைக்கு லீவு டிக்கட் போட்டாச்சு, வந்து எறங்கட்டும். ஆளில்லாத எடத்துல தனியாக் கெடந்து இதக் கேட்டான்னா ஏதாச்சும் பண்ணிக்குவான். எம்புள்ளய எனக்குத் தெரியும்."

"வேற யாராச்சும் சொல்லிட்டா?"

"லயத்துல எல்லார் கால்லயும் விழுந்துட்டேன். ஒருத்தரும் பேஸ்புக்ல போட மாட்டாங்க."

கஜனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனைப் பார்த்தாள். ஒன்பது நாள் அழுததில் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

இரண்டு வருஷத் தூரம் அந்த வட்ஸ்அப்புக்குள் ஒரு தனிப் பாஷையையே வளர்த்து வைத்திருந்தது. காலையில் போகும் முதல் செய்திக்குப் பேர் 'பெரட்டு'. தோட்டத்தில் விடிந்ததும் பேர் கூப்பிடும்போது ஆள் இருக்கிறேன் என்று கை தூக்குவது மாதிரி. தோட்டத்து மேற்பார்வையாளரைச் சொல்லி 'கண்டாக்கு நிக்கிறாரு' என்றால் பக்கத்தில் ஆள் இருக்கிறது, கொஞ்ச வேண்டாம். 'டவர் இல்ல' என்றால் கோபம். நீலக் கோடு விழுந்தும் பதில் வராவிட்டால் அது 'வேலை நிறுத்தம்'. 'சார்ஜ் போடு' என்றால் முத்தம்.

ஒன்பது நாளும் கஜனி பெரட்டுக்குத் தவறவில்லை. சார்ஜும் போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

போன் மறுபடி அதிர்ந்தது.

"சரி, அத விடு. இன்னைக்கு எத்தன கிலோ?"

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. முகத்தையும் குரலையும் விட்டுவிட்டு, ஒருவழியாகச் சாதாரணமாக ஒன்று கேட்கிறான். யோசிக்காமல் தட்டினாள்.

"பதினாறு."

நீலக் கோடு விழுந்தது. அவன் ஏதோ தட்டுவதாகக் காட்டியது, நின்றது. மறுபடி காட்டியது, நின்றது.

"என்னம்மா இது, ஒண்ணும் காணோம்?" என்றவள், சந்தேகத்தில் பழைய செய்திகளை மேலே தள்ளிக்கொண்டே போனாள். போன மாசம், தைப்பொங்கல், போன தீபாவளி. 'எத்தன கிலோ' என்ற கேள்வி வந்த இடத்திலெல்லாம் கீழே ஒரே பதில்தான் இருந்தது. அதில் எண்ணே கிடையாது.

'தராசு தாங்கல.'

அது கொழுந்தைப் பற்றிய கேள்வியே இல்லை. என்னை எவ்வளவு தேடினாய் என்று கேட்டிருக்கிறான். அவள் பதினாறு கிலோ என்று சொல்லிவிட்டாள்.

இதைப் போய் எப்படிக் கோட்டை விட்டாள்? இரண்டு தடவை தப்பாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டினாள். "தராசு தாங்கல! சும்மா வெளையாண்டேன்."

நீலக் கோடு.

பிறகு போன் அடித்தது. கட் பண்ணினாள். மறுபடி அடித்தது. "எடுக்காத, எடுக்காத" என்று நாகலெட்சுமி அவள் கையைப் பிடித்தாள். மூன்றாம் தடவையும் அடித்து ஓய்ந்தது. பனிமூட்டம் மலையிலிருந்து இறங்கித் தொட்டியைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தது. கஜனிக்கு வேர்த்தது.

"ஒரே ஒரு நாளும்மா. நாளைக்கு ஒரு நாள் தள்ளிட்டா பிளேன் ஏறியாச்சு" என்று அவளே அம்மாவுக்குச் சொல்வது போலத் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அப்போது ஒரு செய்தி வந்தது.

"நீ பேச வேணாம். போன எடுத்துக் காதுல மட்டும் வையி. நா பேசுறேன்."

அடுத்த மணி அடித்தபோது கை தானாகப் பச்சையை அழுத்திவிட்டது. சால்வை நுனியைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தாள். நாகலெட்சுமி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாதே என்பது போல ஜாடை காட்டினாள்.

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கதவு ஒன்று சாத்தப்பட்டது. இரைச்சல் அடங்கி, அவன் மூச்சு மட்டும் கேட்டது. அழுது முடித்தவனின் மூச்சு.

திலக்ஷன் மெதுவாகக் கேட்டான்:

"கஜனி... அண்ணிய எங்க அடக்கம் பண்ணீங்க?"