நானூறு வரிகள்

"இந்தக் குப்பையை இன்னும் எவன் வச்சிருக்கான்?" என்றபடியே, பழைய நெட்வொர்க் கார்டுகளை இயங்க வைக்கும் நானூறு நிரல் வரிகளை மென்பொருளிலிருந்து அழித்தாள் தமயந்தி. அவற்றை எழுதிய தேவசகாயம் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சோதனைகள் எல்லாம் சரியென்று பச்சை காட்டின. புதிய பதிப்பு இணையம் வழியே எல்லாக் கருவிகளுக்கும் போய்ச் சேர்ந்த மறுநிமிடம், மலையுச்சியிலிருந்து வெள்ள எச்சரிக்கை அனுப்பும் கருவி திரையிலிருந்து மறைந்தது. அதற்குள் இருந்தது பழைய கார்டு.

"இனி இங்கேயிருந்து தொடவே முடியாது. மலையேறிப் போய்த்தான் பழைய பதிப்பைப் போடணும்," என்றார் அவர்.

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா சார்?"

"அழிக்க வேண்டாம்னு மூணு தடவை உங்களுக்கு மெயில் எழுதினேன். படிக்காமலே மூடிட்டீங்க மேடம்."

வெளியே மழை வலுத்தது. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து அவள் மேசையில் வைத்தார். அதில் ஒட்டியிருந்த தாளில் 'பழைய பதிப்பு' என்ற குறிப்பும், அவள் பெயரும், போன வாரத் தேதியும் இருந்தன.